குண்டு போட்ட விமானத்தை எதுக்குங்க பாதுகாக்கணும்?

1)
போன வாரம் ஓபியில் ஒரு பெரியவர். வயசு 84. மகன் கூட்டிட்டு வந்திருந்தார்.

"சார், அப்பாவுக்கு காது சுத்தமா கேக்கல."

காதுப் பக்கத்தில் போய் சத்தமா கேட்டேன். "ஐயா, ரொம்ப வருஷம் சத்தத்துல வேலை பாத்தீங்களா?"

சிரிச்சார். "நாலு இன்ஜின் தம்பி. ஒரு இன்ஜினுக்கு 14 சிலிண்டர். சிலிண்டருக்கு ரெண்டு ப்ளக். மொத்தம் 112 ப்ளக். அத்தனையும் இந்தக் கையால கழட்டி மாட்டியிருக்கேன்."

2)
ஏர்ஃபோர்ஸில் இன்ஜின் ஃபிட்டரா இருந்தவர். 1960களில் புனேயில் வேலை. அவர் பார்த்துக்கொண்ட விமானம் பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்ட அதே விமானம்.

"பழைய கதைய ஆரம்பிச்சிட்டார் சார், விடுங்க" என்றார் மகன். வெளியே நீளமான வரிசை. நானும் இஎன்டிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அந்த 112 மட்டும் மனசை விட்டுப் போகல. அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

3)
முதலில் அந்த விமானம் இந்தியாவுக்கு எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம்.

போர் நடந்தப்போ அமெரிக்கா இந்த லிபரேட்டர்களை பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. போர் முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும், இல்லைன்னா உடைச்சுடணும் என்பது ஒப்பந்தம். கான்பூரில் நிறுத்தியிருந்தவற்றை பிரிட்டிஷ்காரங்க வேணும்னே சேதப்படுத்தி, இனி பறக்காதுன்னு விட்டுட்டுப் போனாங்க.

நம்ம எச்ஏஎல் ஆட்கள் அந்தக் குப்பையில் இருந்து சுமார் 40 விமானத்தை மீட்டு, பெங்களூருக்குப் பறக்க வச்சுக் கொண்டு வந்து, முழுசா சரி பண்ணினாங்க. 1948 முதல் 1968 வரை இந்திய விமானப்படையில் அவை பறந்தன.

4)
இப்போ வேடிக்கையைப் பாருங்க. போர்க்காலத்தில் 18,000-க்கும் அதிகமாகத் தயாரான விமானம் இது. அமெரிக்காவில் பெரும்பாலானவற்றை உருக்கி அலுமினியமாக்கிட்டாங்க. பிற்பாடு "ஐயோ, ஒண்ணு கூட இல்லையே"ன்னு மியூசியங்கள் தேடினப்போ, கிடைச்ச இடங்களில் முக்கியமானது இந்தியா.

பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இருப்பது 1974ல் நம்ம விமானப்படை பரிசாகக் கொடுத்தது. கனடாவில் இருப்பதும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பீமா மியூசியத்தில் இருப்பதும் இங்கிருந்து போனவைதான்.

உலகம் உருக்கிய விமானத்தை நம்ம ஆட்கள் ஸ்பேனரோட காப்பாத்தினாங்க. அவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

5)
சரி, "குண்டு போட்ட விமானம்தானே டாக்டர், அதை எதுக்கு பாதுகாக்கணும்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு மருத்துவரா நான் பார்ப்பதைச் சொல்றேன்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூறு பேர் ஏறினால் 44 பேர் திரும்பல. பெரும்பாலும் இருபது சொச்சம் வயசுப் பசங்க. எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவங்க.

30 முறை போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று முடியும். எத்தனை பேரால் அந்த 30ஐ எட்ட முடிஞ்சிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

6)
உடம்புக்கு என்ன ஆச்சு?

20,000 அடி உயரம். ஆக்சிஜன் மாஸ்க் கழண்டால் சில நிமிஷத்தில் மயக்கம். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். வால் பகுதியில் தனியா உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரருக்கு விரல், முகம் எல்லாம் பனிப்புண். எட்டு மணி நேரம் இன்ஜின் சத்தம். தூக்கம் வராமல் இருக்க ஆம்ஃபெடமின் மாத்திரை.

மனசுக்கு என்ன ஆச்சு என்பதுதான் இன்னும் மோசம்.

7)
"இனி என்னால ஏற முடியாது"ன்னு ஒருத்தர் சொன்னால், அவர் ஃபைலில் "மன உறுதி இல்லாதவர்" என்று முத்திரை குத்துவாங்க. சட்டையில் இருக்கும் இறக்கைச் சின்னத்தைப் பிடுங்கிடுவாங்க. 20 தடவை போய்த் திரும்பியவனுக்கும் அதே கதி வரலாம்.

இவன் நோயாளியா, கோழையா என்று பிரித்துச் சொல்வதில் மருத்துவ அதிகாரிக்கும் பங்கு இருந்துச்சு. எங்க துறை தலைகுனிய வேண்டிய இடம் அது.

இன்னைக்கு நாங்க பிடிஎஸ்டி என்று சொல்லும் நோய்க்கு, அந்தப் பேரே 1980ல்தான் மனநல மருத்துவ வகைப்பாட்டில் வந்தது.

8)
அதே காலத்தில் எங்க துறை பெருமைப்பட வேண்டிய இடமும் ஒண்ணு உண்டு.

இங்கிலாந்தில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊர். அங்கே நியூசிலாந்துக்காரரான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை சிகிச்சை நிபுணர். விமானத் தீயில் முகமும் கையும் வெந்து வந்த பசங்களுக்கு வருஷக்கணக்கில் புது மூக்கு, புது இமை செஞ்சு வச்சார். கடலில் விழுந்து மீண்டவங்களுக்கு புண் நல்லா ஆறுவதைக் கவனிச்சு, உப்புநீர்க் குளியலை சிகிச்சையா கொண்டு வந்தார்.

9)
ஆனால் அவர் செஞ்ச பெரிய வைத்தியம் வேற. நோயாளி உடுப்பு வேண்டாம், உங்க யூனிஃபார்மையே போட்டுக்கங்க என்றார். ஊர்க்காரங்ககிட்ட போய், "இந்தப் பசங்க தெருவில் வருவாங்க. முறைச்சுப் பார்க்காதீங்க, சாதாரணமா பேசுங்க" என்று கேட்டுக்கிட்டார். ஊரும் அப்படியே நடந்துச்சு.

அந்த நோயாளிகள் 1941ல் "கினி பிக் கிளப்" என்று ஒரு சங்கம் வச்சாங்க. சோதனை எலி மாதிரி நம்மை வச்சுப் பழகுறாங்க என்ற கிண்டல். கால் வெந்தவரைப் பொருளாளர் ஆக்கினாங்க, பணத்தோட ஓட முடியாதுன்னு! போர் முடியும்போது உறுப்பினர்கள் 649 பேர்.

தீக்காய வார்டில் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்தச் சிரிப்பு வர எவ்வளவு காலம் ஆகும் என்று.

10)
இப்போ மறுபக்கம். இதைச் சொல்லாமல் போனால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

1943 ஜூலையில் ஹாம்பர்க். முப்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் தீப்புயலில் செத்தாங்க. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன். 25,000 பேர் வரை. குழந்தைகள், பெண்கள், முதியவர்கள், அகதிகள்.

நமக்கும் இதில் ஒரு கதை உண்டு. ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களில் இருந்து இழுத்துப் போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிஞ்சாங்க. அந்தப் பாதையின் புகழ்பெற்ற குவாய் ஆற்றுப் பாலத்தை 1945ல் தாக்கியவை இந்தப் பக்கத்தில் இருந்து பறந்த லிபரேட்டர்கள்தான். பாதையோர முகாம்களிலும் குண்டு விழுந்து கைதிகள் செத்தாங்க. விடுதலை கொண்டு வந்த விமானமும் அதுதான், குண்டு போட்ட விமானமும் அதுதான்.

11)
இந்தச் சங்கடத்தினாலேயே பிரிட்டன் அந்த வீரர்களை ரொம்ப காலம் கண்டுக்கல. லண்டனில் அவங்களுக்குப் பெரிய நினைவுச்சின்னம் திறந்தது 2012ல். போர் முடிஞ்சு 67 வருஷம். பதக்கத்தில் மாட்டும் தனிப் பட்டை 2013ல். அதற்குள் பெரும்பாலானவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க.

என் கருத்து இதுதான்: குண்டு எங்கே போடணும் என்று முடிவெடுத்தது அந்த 21 வயசுப் பையன் இல்லை. முடிவைக் கேள்வி கேளுங்க, கேட்டே ஆகணும். ஆனால் அந்தக் கேள்வியை அவன் தலையில் இறக்கி வைக்காதீங்க.

விபத்தில் அடிபட்டு வருபவரிடம் "தப்பு யார் மேல?"ன்னு கேட்டுட்டா நாங்க தையல் போடுறோம்?

12)
அப்போ எப்படிப் பாதுகாக்கணும்? ரெண்டு நல்ல உதாரணம்.

ஒண்ணு, ஈஸ்ட் கிர்க்பி என்ற ஊரில் பான்டன் சகோதரர்கள். விவசாயிகள். அவங்க அண்ணன் கிறிஸ்டோபர் 1944 மார்ச்சில் நியூரம்பெர்க் தாக்குதலுக்குப் போய்த் திரும்பல. அந்த ஒரே ராத்திரியில் 95 விமானம் போச்சு. தம்பிகள் பிற்காலத்தில் ஒரு லங்காஸ்டர் விமானத்தை வாங்கி, அண்ணன் நினைவா அதன் நாலு இன்ஜினையும் ஓட வச்சாங்க.

ரெண்டு, லிங்கன் நகரில் 2018ல் திறந்த பாம்பர் கமாண்ட் மையம். சுவரில் சுமார் 58,000 பேர். பறந்தவங்க குரலோடு, கீழே குண்டு வாங்கினவங்க குரலையும் பதிவு செஞ்சு வச்சிருக்காங்க. ஜெர்மன்காரங்க சாட்சியமும் இருக்கு. இதுதான் சரியான முறை என்பேன்.

13)
பறக்க விடணுமா? இதில் எனக்குப் பயம் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பழைய பி-17 விழுந்து 7 பேர் இறந்தாங்க. 2022 நவம்பரில் டல்லாஸ் வான்காட்சியில் ரெண்டு பழைய விமானம் மோதி 6 பேர்.

7,377 லங்காஸ்டர் செஞ்சதில் இன்னைக்குப் பறக்கும் நிலையில் இருப்பது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பிரிட்டனில், ஒண்ணு கனடாவில். தேர்ந்த கைகளில் அவை பறக்கட்டும். ஆனால் டிக்கெட் வாங்கின பொதுமக்களை ஏத்திக்கிட்டுப் பறக்க வேண்டாம். இறந்தவங்களை நினைக்க இன்னும் நாலு பேர் சாக வேண்டியதில்லை. தரையில் இன்ஜின் ஓடினாலே போதும், உடம்பு சிலிர்க்கும்.

14)
கடைசியா நம்ம விஷயம்.

விமானம் துருப்பிடிச்சால் பெயின்ட் அடிக்கலாம். பாகம் போனால் புதுசா வார்க்கலாம். மனுஷன் போயிட்டா அந்த 112 ப்ளக் கதையும் அவரோடவே போயிடும். இரும்பைக் காப்பாத்தின நாம் அந்தக் கைகளை மறந்துட்டோம்.

நேத்து அந்தப் பெரியவர் காது பரிசோதனை ரிப்போர்ட்டோட வந்தார். காது கருவிக்கு எழுதியாச்சு. இந்த முறை ஓபி முடியும் வரை அவரை உட்கார வச்சேன். மகனிடம், "உங்க போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க"ன்னு சொன்னேன். 40 நிமிஷம் பேசினார். பாதியில் மகனே கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டார்.

15)
உங்க வீட்டில், தெருவில் ராணுவத்தில், விமானப்படையில் இருந்த பெரியவர் இருக்காங்களா? மூணு விஷயம் செய்யுங்க.

✅ காது பரிசோதனை செய்யுங்க. வயசானா அப்படித்தான்னு விட்டுடாதீங்க.
✅ ராத்திரி திடுக்கிட்டு எழுந்தால், கோபப்பட்டால், தனியா ஒதுங்கினால் மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. அது கோழைத்தனம் இல்லை.
✅ பேச விடுங்க. பதிவு பண்ணுங்க. தேதி, இடம், கூட இருந்தவங்க பேர் எல்லாம் கேளுங்க.

மியூசியம் கட்டுவது அரசாங்க வேலை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது நம்ம வேலை.