பந்துக்கும் பதிவேடா?

ஓடத் தெரிந்தவனை ஓடவிட வேண்டும். தாண்டத் தெரிந்தவளைத் தாண்டவிட வேண்டும். இதை மறுப்பார் எவருமிலர். ஆனால் குறுவட்டப் போட்டிக்குப் போய் நிற்கும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, "எவ்வளவு விரைவாக ஓடுவாய்?" என்பதன்று, "எந்தப் பள்ளி?" என்பதே! தலைமையாசிரியரின் கையொப்பம் ஏறிய படிவம் இல்லையேல், காற்றினும் கடுகி ஓடுபவனும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். என்னே விளையாட்டு நீதி!

பள்ளிக்கு வராமலே படிக்கும் பிள்ளைகளுக்காகப் பேசுகிறோம். விடியுமுன் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கி, இரவில் பாடம் படித்துத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதும் சிறுவன். 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பெயர் பதிந்து, திருவொற்றியூரில் வீட்டிலிருந்தே படிக்கும் சிறுமி. நடக்க இயலாமையால் எண்ணூரில் வீட்டுக்கே ஆசிரியர் வந்து கற்பிக்கும் குழந்தை. இவர்கள் படிக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புகிறது. தேர்வுத்தாள் தருகிறது, சான்றிதழ் தருகிறது. இவர்களுக்குக் கையும் காலும் உண்டு, விளையாடும் வயதும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டது!

மறதி புதிதன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-இல். ஏறத்தாழ இருபது திங்கள்! பாடத்துக்கு மாற்று கண்டனர். கல்வித் தொலைக்காட்சி பேசிற்று, கைப்பேசி வகுப்பெடுத்தது. சத்துணவுக்கும் மாற்று கண்டனர். அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தனர். பாராட்டுகிறோம். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட தியாகராயரின் நாட்டில் அதுதான் முறை. விளையாட்டுக்கு என்ன மாற்று கண்டனர்? கூட்டம் கூடாதென்றது அறிவியல். அதை நாம் குறை கூறோம். ஆயினும், தொற்று நீங்கியபின்னராவது, பாடத்தில் பின்தங்கியோரைத் தேடிக்கொண்டு இல்லம் சென்றவர்கள், திடலை இழந்தோரைத் தேடினரா?

தொற்று போயிற்று, வடசென்னைக்குக் கதவடைப்பு போகவில்லை. 2023 டிசம்பரில் புயல்வெள்ளம். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய். அதே திங்களில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிய, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 2024 அக்டோபர் 25-இல் திருவொற்றியூரின் பள்ளியொன்றில் ஏதோ வாயு பரவி மாணவிகள் மயங்கினர், நவம்பரில் திறந்ததும் மீண்டும் மயங்கினர், மீண்டும் மூடினர். ஆலைப்புகையை உண்ணும் பிள்ளைக்கு அகன்ற வெளியில் ஓடும் ஒரு மணிநேரமும் கிடையாதெனில், நெஞ்சு எப்படி வலுப்பெறும்?

பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. 1953-இல் ஆச்சாரியார் ஒரு திட்டம் கொணர்ந்தார். அரைநாள் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில். நாடு கொதித்தது, 1954-இல் அது குழிக்குள் போயிற்று. இன்றைய தொலைக்கல்வி குலக்கல்வியென்று நாம் கூறவில்லை. நோக்கம் வேறு. ஆனால் வீட்டில் விடப்பட்ட பிள்ளையின் பொழுது எவர் கைக்குப் போகிறது? பையன் வலை பின்னுகிறான். பெண் குடம் தூக்குகிறாள், தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். தந்தையின் தொழிலுக்கும் தாயின் அடுக்களைக்கும் சேராத ஒரே பொழுது விளையாட்டு மணிதான். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பலர், விளையாட என்று கேட்டால் அனுப்பமாட்டார். பள்ளி என்ற சொல்லின் நிழலில்தான் அவள் பந்தைத் தொட்டாள்! அந்த நிழல் நீங்கினால், அவளுக்குப் பந்து எங்கே?

"காசிமா வென்றாரே!" என்பர். வென்றார்; 2024-இல் அமெரிக்காவில் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார், புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள். மகிழ்கிறோம். திடலற்ற தெருவில் பலகையே திடலாயிற்று. நூறு மீட்டர் ஓட்டத்தைப் பலகையில் ஓட முடியுமா? நீளத் தாண்டுதலை நடைபாதையில் தாண்ட முடியுமா?

"முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு உண்டே!" என்பர். உண்டு, 15 முதல் 35 வயது வரை. பன்னிரண்டு வயதினளுக்கு அங்கே இடமில்லை. பதினாறு வயதினன் முப்பது வயதுக் காளையோடு மோதலாமாம்! அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ள நாட்டில், முதற்படியில் கால்வைக்க விடாமல் மாடிக்கு வழிகாட்டும் வேடிக்கை இது.

"திறந்துவிட்டால் வயதை மறைப்பர், வெளியாரை இழுத்து வெல்வர்" என்று அஞ்சுவோரும் உளர். அச்சத்தில் பொருளுண்டு. அதற்கு வழியுமுண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1996-இலேயே, வீட்டில் கற்கும் பிள்ளை தன் பகுதி அரசுப் பள்ளியின் அணியில் ஆடலாமென்று சட்டம் செய்தது. குடியிருப்புக்குரிய பள்ளிக்கு ஆடலாம் என்பது அன்று வகுத்த விதி. படிப்பில் தேறிவருவதையும் காட்டவேண்டும். அப்படி ஆடிய டிம் டீபோ, 2007-இல் அந்நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் தலையாய விருதைப் பெற்றார். புளோரிடாவுக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது? பிறப்புச் சான்றிதழ் இங்கே இல்லையா? குடும்ப அட்டை இல்லையா?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியென்றால் விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மாநகராட்சிப் பள்ளிகளுக்குள் வெளி இருக்கிறது. மணியடித்ததும் பூட்டு விழுகிறது. உள்ளே மண் காய்கிறது; வெளியே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகள் பந்து உதைக்கின்றனர்! பூட்டுக்குச் சாவியும், மாலையில் ஒரு உடற்கல்வி ஆசிரியரும் போதும். பெருந்தொகை கேட்கவில்லை நாம்.

தோழர்களே, படிப்பகங்களில் அமர்ந்து உலக அரசியல் பேசும் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் வட்டத்தில் தனித்தேர்வராகவும் திறந்தநிலையிலும் வீட்டிலும் படிக்கும் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், ஆடும் ஆட்டம், அருகிலுள்ள பள்ளி ஆகியவற்றை எழுதுங்கள். பெண் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதுங்கள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு நாள் குறிக்குமுன், அந்தப் பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலரின் மேசையில் வையுங்கள். படிவத்தில் பள்ளியின் பெயருக்கு விட்ட கட்டத்தில் இவர்களுக்கு என்ன எழுதுவதென்று அவரையே கேளுங்கள்.