"ஒண்ணும் ஆகலையே தம்பி!"

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமும் உண்டு. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வரவும் :)

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இடையில மே மாசம் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மாம்பழம் சாப்பிட இல்லை, சின்னப் பசங்களுக்கு ஒரு கோடை முகாம் நடத்த. அங்க பார்த்ததை எழுதாம இருக்க முடியலை.

முதல்ல இடம். திருவண்ணாமலைன்னதும் கிரிவலத்தை நினைச்சுக்காதீங்க. எங்க விருதுநகர் மாவட்டத்துலயும் ஒரு திருவண்ணாமலை இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துல, சின்ன மலை, மேல சீனிவாசப் பெருமாள். 'தென் திருப்பதி'ம்பாங்க. புரட்டாசி சனிக்கிழமைன்னா கூட்டம் அலைமோதும், மத்த நாள்ல குரங்குக ராஜ்ஜியம். ராஜபாளையத்துப் பிள்ளைங்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் பிள்ளைங்களும் வந்து போக வசதின்னு, அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பை அஞ்சு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தாங்க. காலையில விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போற பகல் முகாம். நடத்தினது ஒரு பள்ளிக்கூடம். பேர் வேணாம். அவங்க ஒருத்தர் மட்டும் இப்படி இல்லைங்கிறதுதான் இந்தப் பதிவே.

வந்தவங்க 64 குருளையர்கள். சாரணர் இயக்கத்துல பத்து வயசுக்கு உட்பட்ட பொடிசுகளுக்கு அதுதான் பேரு. பத்து வயசுக்கு மேல போனாத்தான் சாரணர். நானும் குருளையரா ஆரம்பிச்சு ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் போனவன். எனக்கு முடிச்சு போடக் கத்துக் கொடுத்த இயக்கத்துக்கு ஏதாச்சும் திருப்பிச் செய்யணும்னுதான் லீவு போட்டேன்.

போன்ல பேசும்போதே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பெரியவங்க எத்தனை பேரு சார்?" இங்கிலாந்து சாரணர் சங்கத்துல வழக்கமான இடத்தை விட்டு வெளியே கூட்டிட்டுப் போனா எட்டு குருளையருக்கு ஒரு பெரியவர், அதுக்கு மேல மொத்தத்துக்கும் பொறுப்பா ஒருத்தர்னு கணக்கு வெச்சிருக்காங்க. 64க்கு எட்டு, கூட ஒண்ணு. ஆக ஒன்பது. "ஒன்பது பேரும் ரெடி தம்பி, நீங்க வந்தா மட்டும் போதும்"னாங்க.

முதல் நாள் வந்தது நாலு பேர். ரெண்டாம் நாள் மூணு. அதுல ஒருத்தர் சமையல்காரருக்கு உதவி. மிச்சம் நானும் ஒரு டீச்சரும். பத்தாததுக்கு ஒன்பதாவது படிக்கிற சாரணப் பசங்க அஞ்சு பேரை அனுப்பி, "இவங்களும் ஸ்டாஃப்தான்"னுட்டாங்க. பதினாலு வயசுப் பையன் ஸ்டாஃபா?! அவனையே யாராவது பார்த்துக்கணும்யா.

ரெண்டாம் நாள் பதினொண்ணேகால் மணி. அக்னி நட்சத்திர வெயில். மோர் குடிக்க வரிசையில நிக்கும்போது தலை எண்றேன். 63. திரும்ப எண்றேன். 63. டீச்சர் எண்றாங்க. 63.

அடுத்த இருபத்தஞ்சு நிமிஷம் எப்படிப் போச்சுன்னு எழுத எனக்குத் தெம்பில்லை. டீச்சரை 63 பேரோட விட்டுட்டு நான் ஓடினேன். கிணத்தை எட்டிப் பார்த்தேன். ரோட்டை எட்டிப் பார்த்தேன். கடைசியில கோயில் பக்கம் குளத்துப் படிக்கட்டுல உக்காந்திருந்தான், எட்டு வயசு. கையில பொரி. "மீனுக்குப் போட்டேண்ணே, எல்லாம் மேல வருது பாருங்க"ங்கிறான். அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரலை. தூக்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் பொறுப்பாளர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க.

"அதான் கிடைச்சுட்டான்ல. ஒண்ணும் ஆகலையே தம்பி!"

மக்களே, இந்தப் பதிவு அந்தப் பையனைப் பத்தினது இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தினது.

நம்ம பொழப்பு சாஃப்ட்வேர். டெஸ்ட் பண்ணாத கோடை நேரா புரொடக்‌ஷன்ல ஏத்திட்டு, "ராத்திரி கிராஷ் ஆகலையே"ன்னு சொன்னா மேனேஜர் தோலை உரிச்சுடுவாரு. கிராஷ் ஆகலைங்கிறது சரியா செஞ்சதுக்கு ஆதாரம் இல்லை. அதிர்ஷ்டத்துக்கு ஆதாரம். ஒரு சர்வர் விழுந்தா தாங்கிக்க இன்னொண்ணு வைக்கிறோம். 64 பிள்ளைங்களுக்கு ஒரு டீச்சர், ஒரு லீவு போட்ட இஞ்சினியர். இதுல ஒருத்தருக்கு வயித்து வலி வந்தா?

நம்ம ஊர்ல விதி எப்பவுமே சாவுக்கு அப்புறம்தான் வரும். 2004ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க வெந்து போன பிறகுதான் பள்ளிக்கூடத்துக் கீத்துக் கொட்டகையெல்லாம் இறங்குச்சு. 2018 ஜூலையில கோவை பக்கம் ஒரு கல்லூரியில பேரிடர் பயிற்சின்னு சொல்லி, மாடியில இருந்து குதிக்கத் தயங்கின மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டதுல அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. அவர் எங்க ஆள் இல்லைன்னு தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் சொன்னது அதுக்கப்புறம். 2024 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளியில என்.சி.சி. முகாம்னு ஒண்ணு நடந்தது. தங்கியிருந்த சிறுமிகள்ல ஒருத்திக்குப் பாலியல் வன்கொடுமை. போக்சோவுல வழக்குப் பதிவாகி, பள்ளித் தரப்புல இருந்தும் கைதானாங்க. நிஜ என்.சி.சி.க்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சதும் அப்பத்தான்.

கோவை, கிருஷ்ணகிரி ரெண்டுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. யாரும் "நீங்க யாரு சார், உங்களை அனுப்பினது யாரு?"ன்னு முன்னாடியே கேட்கலை. சீருடையும் விசிலும் இருந்தா போதும், நம்மாளுங்க பிள்ளைங்களைக் கையில பிடிச்சுக் கொடுத்துடுவாங்க.

எங்க ஊர்ல ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கணும்னா தாய் எது, தகப்பன் எது, எந்த வீட்டுக் குட்டின்னு நாலு தெரு விசாரிப்பாங்க. பெத்த பிள்ளையை அஞ்சு நாள் விட்டுட்டுப் போற ஆளை ஒரு கேள்வி கேட்கிறதில்லை. 64 பிள்ளைங்களோட பெற்றோர்ல என் பேரைக் கேட்டது ரெண்டே பேர். "ஏசி வேன் உண்டா தம்பி?"ன்னு கேட்டது இருபது பேராவது இருக்கும்.

இன்னொரு கூத்து. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி இருக்கு. ஆஸ்பத்திரிகளுக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யுற ஊரு. அதுக்கு இவ்ளோ பக்கத்துல முகாம் போட்டுட்டு, முதலுதவிப் பெட்டியைத் திறந்தா ஒரு டெட்டால் பாட்டில், ஒரு கத்திரிக்கோல். பேண்டேஜ் இல்லை!

இனி, வழக்கமா வர்ற சப்பைக்கட்டுகளுக்கு வருவோம். பின்னூட்டத்துல நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

"நாங்கல்லாம் கண்மாய்ல குதிச்சு வளரலையா?" வளர்ந்தீங்கண்ணே. கண்மாய்ல போனவன் வந்து பின்னூட்டம் போட மாட்டான். அவ்ளோதான் வித்தியாசம். தவிர, நான் குதிக்க வேணாம்னு சொல்லலை. பிள்ளைங்க மரம் ஏறட்டும், விழட்டும், முட்டியைச் சிராய்ச்சுக்கட்டும். அதுக்குத்தான் முகாம். பார்க்க ஆள் இருந்தாத்தான் அதெல்லாம் தைரியமா செய்ய விட முடியும். மூணாம் நாள் எங்ககிட்ட ஆள் இல்லாததால என்ன செஞ்சோம் தெரியுமா? 64 பேரையும் வரிசையா உக்கார வெச்சு "கையைக் கட்டு, வாயில விரல் வை". அதுக்கு எதுக்குய்யா மாந்தோப்பு, பள்ளிக்கூட வராண்டா போதாதா?

"பெரிய பசங்கதான் சின்னப் பசங்களைப் பார்த்துக்கணும், அதுதானே சாரணர் முறை?" பாதி உண்மை. பேடன் பவல் 1907ல பிரவுன்சீ தீவுல நடத்தின முதல் முகாம்லயே நாலு அணி, அணிக்கு ஒரு தலைவன்னு பசங்களையேதான் பொறுப்பாக்கினார். ஆனா பையன்கள் மொத்தம் இருபது பேர்தான். அவரோட வேற பெரியவங்களும் இருந்தாங்க. சின்னப் பசங்களுக்கு இந்த முறை சரிப்படாதுன்னு 1916ல குருளையர் பிரிவைத் தனியாவே ஆரம்பிச்சார். அதை உருவாக்கினதுல வெரா பார்க்லேங்கிற பெண்மணிக்குப் பெரிய பங்கு. பாரத சாரண சாரணியர் முறையிலயும் ஒரு குருளையர் கூட்டத்துக்கு 24 பேர்தான் உச்சம், ஆறு ஆறு பேரா நாலு குழு. 64ங்கிறது கிட்டத்தட்ட மூணு கூட்டம். மூணு கூட்டத்தை ஒரு விசில்ல மேய்க்கணும்னா அது முகாம் இல்லை, பட்டி.

"ஆள் கிடைக்கலை தம்பி." இதுதான் பெரிய பொய். கேட்டாத்தானே கிடைக்கும்? நம்ம பள்ளிகள்ல சாரணப் பொறுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே நாலு வேலை பார்க்கிற வாத்தியார் தலையில கட்டறதுதான். மே மாசமும் சொந்தக் காசுல பஸ் ஏறி வெயில்ல வாடான்னா எந்த மனுஷன் வருவாரு? 'சேவை'ங்கிற வார்த்தையை வெச்சு உழைப்பைச் சும்மா வாங்குறதுக்குப் பேரு சேவை இல்லை. பேனருக்குக் காசு இருந்துச்சு. தொப்பிக்கு, டீ ஷர்ட்டுக்குக் காசு இருந்துச்சு. நிறைவு விழாவுல பொன்னாடைக்கும் காசு இருந்துச்சு. டீச்சரோட பஸ் காசுக்குத்தான் இல்லை. அந்த அஞ்சு நாளும் அவங்க கைக்காசைப் போட்டுத்தான் வந்து போனாங்க. நிறைவு விழா மேடையில அவங்க பேரைக்கூடச் சொல்லலை.

"விதி கூடினா முகாமே நடக்காது." நடக்க வேணாம்! நாலு பெரியவங்க இருக்காங்களா? ஒருத்தர் மொத்தப் பொறுப்பு, மத்த மூணு பேருக்கு 24 பிள்ளைங்க. அவ்ளோதான் சேர்க்கணும். மிச்சப் பேருக்கு அடுத்த வாரம். பஸ்ஸுல சீட் எண்ணிக்கை பார்த்து டிக்கெட் கொடுக்கிற மாதிரி, ஆளை எண்ணிட்டு அப்புறம் பிள்ளைங்களைச் சேர்க்கணும். நாம தலைகீழா செய்றோம். பிள்ளைங்க எண்ணிக்கை போட்டோவுல நல்லா தெரியணும்ல!

சரி, திட்டினது போதும். என்னதான் செய்யணும்கிறே? என் பட்டியல் இது:

1. எட்டுக்கு ஒண்ணு, கூட ஒண்ணு. பெரியவர்னா 18 முடிஞ்சவர். கல்லூரியில இருக்கிற திரி சாரணர்கள், பழைய சாரணர்கள், விருப்பம் இருக்கிற அம்மாக்கள், எல்லாரையும் மார்ச் மாசமே கேளுங்க. மே ஒண்ணாம் தேதி இல்லை.

2. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடவும் தனியா, மறைவா இருக்கக் கூடாது. எப்பவும் ரெண்டு பெரியவர். அமெரிக்க சாரணர்கள் இதைக் கட்டாய விதியாவே வெச்சிருக்காங்க. இது யாரையும் சந்தேகப்படறது இல்லை. நல்ல மனுஷனுக்கும் இதுதான் பாதுகாப்பு.

3. யார் வர்றாங்கன்னு எழுத்துல இருக்கணும். சாரணர் இயக்கத்துல பேசிக், அட்வான்ஸ்டு, ஹிமாலய உட் பேட்ஜ்னு பெரியவங்களுக்கு வரிசையா பயிற்சி இருக்கு. முடிச்சவரா, முடிக்காதவரான்னு மாவட்ட அமைப்புல கேட்டா தெரிஞ்சுடப் போகுது.

4. நம்ம வெயிலுக்கு ஒன்பது மணியில இருந்து நாலு மணி வரைங்கிறது முட்டாள்தனம். ஆறரைக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு முடிங்க. தண்ணி, உப்பு சர்க்கரைக் கரைசல் கையோட இருக்கட்டும்.

5. இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணணும். ஜோடி ஜோடியா பிரிச்சு விடணும். கிணறு, குளம், ரோடு மூணுக்கும் ஒரு ஆள் காவல், வேற வேலை கிடையாது.

6. வர்றவங்களுக்குப் பஸ் காசு, சாப்பாடு. முடிஞ்சா ஒரு சின்னத் தொகை. முடியலைன்னா மேடையில ஒரு நன்றியாவது.

இதுல ஒண்ணுகூட ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 2025ல மணப்பாறையில நடந்த பெருந்திரளணிக்கு ஆயிரக்கணக்குல பசங்க கூடினாங்க. அவ்வளவு பெருசா நடத்தத் தெரிஞ்ச மாநிலத்துல, ஒரு மாந்தோப்புல 64 பேரைப் பார்த்துக்க முடியாதா?

கடைசியா ஒண்ணு. ஊரைத் திட்டிட்டு நான் நல்லவன் வேஷம் போட விரும்பலை. முதல் நாள் காலையில நாலு பேர்தான் வந்திருக்கோம்னு எனக்குத் தெரியும். ஒன்பது வேணும்னும் தெரியும். "ஆள் வராம கேட்டைத் திறக்க முடியாது"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. வந்த பிள்ளைங்க முகத்தைப் பார்த்து, 'சரி, சமாளிச்சுக்கலாம்'னு நினைச்சேன். அந்த 'சமாளிச்சுக்கலாம்'தான் சாயங்காலம் 'ஒண்ணும் ஆகலையே'ன்னு ஆகுது. நானும் கூட்டுக் களவாணிதான்.

அடுத்த மே மாசமும் போவேன். டீச்சரும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை தலை எண்றது பெரியவங்கள்ல இருந்து ஆரம்பிக்கும். ஒன்பது வரலைன்னா கேட் திறக்காது. பிள்ளைங்க அழுதா அழட்டும், பால்கோவா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம். அதுல ஒரு பாவமும் இல்லை.

உங்க ஊர் முகாம்ல எத்தனைக்கு எத்தனை? பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்களும் எண்ணிக்கையைச் சொல்லிட்டு அடிங்க :)