நாற்பதில் தொடங்கிய பாடம்



"நாற்பது வயதுக்குப் பிறகு இனி என்ன படிப்பு?" என்ற பேச்சு நமது வீடுகளில் அடிக்கடி கேட்பதுதான். நானும் நாற்பதைத் தாண்டியவன். மாணவன் ஒருவன் கேட்டுவிட்ட கேள்விக்காக இரவில் கிதாபைப் புரட்டிவிட்டு மறுநாள் பதில் சொன்ன நாட்கள் எனக்குப் பல உண்டு. ஆகவேதான் அன்ட்ரூ பேஸவிச் என்ற அமெரிக்கரின் கதை என் மனதில் தங்கிவிட்டது.

1947 இல் பிறந்த அவர் 1969 இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியிலிருந்து வெளியேறி வியட்நாம் யுத்தத்திற்குச் சென்றார். கேர்ணல் தரம் வரை உயர்ந்தார். சேவையில் இருந்தபடியே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். எனினும் தனது உண்மையான கல்வி நாற்பதைக் கடந்த பிறகே ஆரம்பித்தது என்கிறார்.

1989 நவம்பரில் பேர்லின் சுவர் விழுந்தது. அதற்குச் சிறிது காலத்தின் பின், ஒரு குளிர்கால மாலையில் அங்குள்ள பிரண்டன்பேர்க் வாயிலருகே அவர் நின்றார். நெப்போலியன் 1806 இல் போரிட்ட ஜேனா நகரைப் பார்க்க முன்னாள் கிழக்கு ஜேர்மனிக்குள்ளும் பயணம் செய்தார். அங்கே அவர் கண்டது வறுமை, பாழடைந்த கட்டடங்கள், சோவியத் படையின் பழைய வாகனங்கள். இவ்வளவு காலமும் உலகையே விழுங்கிவிடும் என்று தனக்குச் சொல்லப்பட்ட எதிரி இதுதானா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. கலாநிதிப் பட்டம் எழுப்பாத கேள்வி அது! பதவி உயர்வில் கண் வைத்திருப்பவனுக்குக் கல்வி ஏறாது என்பது அவரே தன்னைப் பற்றிச் சொல்லும் விளக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சீருடையைக் களைந்து ஆசிரியரானார். 1998 இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் இடதுசாரியல்ல, பழைமை பேணும் கத்தோலிக்கர். ஆயினும் தனது நாடு இராணுவ பலத்தின் மீது கொண்ட மோகத்தை வரலாற்றுச் சான்றுகளோடு கண்டித்து எழுதினார். 2003 இல் தொடங்கிய ஈராக் யுத்தத்தை எதிர்த்தார். படையெடுப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் அங்கே கிடைக்கவில்லை என்பதைப் பின்னர் உலகமே அறிந்தது.

தந்தை எதிர்த்த அந்த யுத்தத்திற்கே மகன் போனார். அவரும் ஓர் இராணுவ அதிகாரி. தந்தையின் பெயரையே தாங்கியவர். 2007 மே 13 ஆம் திகதி ஈராக்கில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வயது 27.

அம்மாத இறுதியில் தந்தை 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அனுதாபச் செய்திகள் ஏராளமாக வந்தனவாம். ஆனால் இருவர், "உமது எழுத்து எதிரிக்குத் துணிவு கொடுத்தது, மகனின் சாவுக்கு நீரே பொறுப்பு" என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். பிள்ளையைப் புதைத்த வீட்டுக்கு இப்படியும் கடிதம் எழுத மனிதருக்கு மனம் வருகிறது! அந்த மண்ணில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஈராக்கிய உம்மாமார் எத்தனையோ பேர். அவர்களுக்கு இப்படி எழுதி ஆறப் பத்திரிகையும் இல்லை.

அந்த இருவரின் பழியை விட அவர் தன்மீது தானே சுமத்திய பழிதான் என்னை உலுக்கியது. மகன் நல்ல போர்வீரனாக இருக்க முயன்றபோது, தான் நல்ல குடிமகனாக இருக்க முயன்றாராம். போதிப்பதும் எழுதுவதும் தன் கடமை என்று நினைத்தாராம். ஆனால் மகன் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் தான் செய்தது ஒன்றுமேயில்லை, தன் பிள்ளையைக் கைவிட்டுவிட்டேன் என்று எழுதினார்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஒரு தகப்பனிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது?

அவர் வகுப்பறையை விட்டுவிடவில்லை. 2014 வரை பொஸ்டனில் வரலாறு கற்பித்தார். அமெரிக்க வல்லமையின் எல்லைகளைப் பற்றி 2008 இல் அவர் வெளியிட்ட நூலை மகனின் நினைவுக்கே சமர்ப்பித்திருக்கிறார்.