பகிடிக்குக் கைது என்றால் கைதட்டாதீர்கள்

இரவில் பேண்ட் பார்க்கவும் ஸ்டாண்ட்-அப் கேட்கவும் போகிற பிள்ளைகளை எங்கட ஊரில் ஏசுகிறோம். சரி, ஏசுங்கள். ஆனால் பகிடி சொன்னவரைப் பொலிஸ் பிடித்தால் "நல்லா வேணும்" என்கிறோமே, அது சரியா?

2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். மேடையில் சொன்ன பகிடி பௌத்தத்தை நிந்தித்தது என்று குற்றச்சாட்டு. ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். "அது அவங்கட பிரச்சினை" என்றார்கள் எங்களில் சிலர்.

அவங்கட பிரச்சினையா? பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம். அதே சட்டத்தில்தான் 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசிக் ஒரு பேஸ்புக் பதிவுக்காகக் கைதானார். வெறுப்புக்கு எதிராகப் பேனாவால் போராடுவோம் என்று எழுதிய மனிதர், ஐந்து மாதம் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து 10 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. போன ஐந்து மாதத்தை யார் கொடுப்பது?

பிறரைப் பரிகசிக்காதே என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பவர்களும் நாங்கள்தான். பகிடி பிடிக்காவிட்டால் எழும்பி வாருங்கள், கண்டித்து எழுதுங்கள். பொலிஸைக் கூப்பிடாதீர்கள். அடுத்த முறை கைதட்ட முன்னர் ரம்ஸி நானாவை நினையுங்கள்.