கட்டிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் மாணவர்கள்: வெளிநாட்டுக் கட்டுமானப் படிப்பு யாருக்குப் பயன்?

அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் சிவில் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு அடிக்கடி வருவதுண்டு. கோடை விடுமுறையில் ஒரு வளரும் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கிராமத்தில் குடிநீர்க் குழாயோ, நடைபாலமோ, பள்ளிக் கட்டிடமோ கட்டித் தர வேண்டும். படிப்பில் மதிப்பெண்ணும் கிடைக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லிக்கொள்ள அனுபவமும் கிடைக்கும்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் நம்ம ஊர் மாணவர்களுக்கும் இந்த வாய்ப்பு வரலாம். இன்னொரு பக்கம், இடுக்கி மாதிரி மலைப்பகுதிகள் இப்படியான குழுக்கள் வந்து இறங்கும் இடங்களாக இருக்கின்றன. அதனால் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் கேட்க வேண்டியிருக்கிறது. மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார்? அவர் கிளம்பிய பிறகு ஊருக்கு என்ன மிச்சம்?

தமிழர்கள் நிறைந்து வாழும் இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானலை உரைகல்லாக வைத்துப் பார்ப்போம்.

இது எப்படித் தொடங்கியது?

கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமதேய் 2000-ல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் சான் பாப்லோ என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே சிறுமிகள் பள்ளிக்குப் போகாமல் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு தன் மாணவர்கள் சிலரோடு திரும்பிப் போய், பக்கத்து அருவியின் விசையிலேயே ஓடும் பம்ப் ஒன்றை அமைத்தார். மின்சாரமும் தேவையில்லை, டீசலும் தேவையில்லை. 2002-ல் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பின் அமெரிக்கப் பிரிவு இதிலிருந்துதான் பிறந்தது.

நம் பக்கத்திலும் இதுபோன்ற கற்றல் இடங்கள் உண்டு. பாலக்காடு எல்லையை ஒட்டிய எட்டிமடையில் வளாகம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், மாணவர்களைக் கிராமங்களில் தங்க வைக்கும் 'லிவ்-இன்-லேப்ஸ்' திட்டத்தை நடத்துகிறது. வெளிநாட்டு மாணவர்களும் இதில் பங்கேற்கிறார்கள். ஹட்கோ உதவியோடு 1989-ல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்துக்குப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து, அழுத்திச் செய்யும் மண் கற்களால் வீடு கட்டக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அங்கே வெளிநாட்டுக்காரர் சொல்லித்தர வருவதில்லை, கற்க வருகிறார். அந்த வித்தியாசம் முக்கியம்.

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. சரியான இடத்தில் ஒரு பாலம் என்ன செய்யும் என்பதற்கு நல்ல தரவு இருக்கிறது. நிகராகுவா நாட்டுக் கிராமங்களில் நடைபாலங்கள் கட்டி, அதன் விளைவை இரண்டு பொருளியலாளர்கள் அளந்தார்கள். 'எகனாமெட்ரிக்கா' இதழில் 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பாலம் இல்லாத ஊர்களில் வெள்ளம் வந்தால் கூலி வருமானம் 18 சதவீதம் குறைந்தது. பாலம் வந்த ஊர்களில் அந்த இழப்பே இல்லை.

மூணாறு பகுதிக்கு இது புதிய சேதி அல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரை பாலம் போனது. தற்காலிகமாகப் போட்ட பாலம் 2020 ஆகஸ்ட் மழையில் சேதமானது. அந்த மாதம் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் பலியாகவும் காணாமலும் போனார்கள். மீட்பு வண்டிகள் போய்ச் சேர்வதற்கே அந்தப் பாலம் தடையாக நின்றது.

அப்போ பிரச்னை எங்கே?

முதல் பிரச்னை, பராமரிப்பு. கனடாவின் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பைச் சேர்ந்த டேவிட் டாம்பர்கர் 2011-ல் ஒரு மேடையில் மலாவி நாட்டு அனுபவத்தைச் சொன்னார். ஒரு பகுதியில் கனடா அரசின் உதவியில் போட்ட 113 குடிநீர் அமைப்புகளில் 81 சீக்கிரமே செயலிழந்துவிட்டன. கொஞ்ச தூரத்திலேயே, முன்பு அமெரிக்க உதவியில் கட்டப்பட்டு அதே மாதிரி பழுதான இன்னொரு அமைப்பும் கிடந்தது. கட்டுவதற்குப் பணம் கிடைத்தது, பழுது பார்க்க ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை. அதே கனடா அமைப்பு 2008-லிருந்து தன் தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாகவே வெளியிட்டது. வெற்றிக் கதைகள் மட்டும் வந்துகொண்டிருந்த துறையில் இது பெரிய விஷயம்.

இரண்டாவது, செலவு. ஒரு எளிய கணக்கு போடுவோம். பத்து மாணவர்கள் வருகிறார்கள், ஆளுக்கு விமானச் செலவு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 லட்சம். கேரளாவில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2025-26 தினக்கூலி 369 ரூபாய். அந்த 8 லட்சத்தில் சுமார் 2,168 ஆள்-நாள் கூலி கொடுக்கலாம். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கூலி அதிகம் என்பதால் அந்த நாட்கள் குறையும். ஆனாலும் மண் சுமக்கவும் கலவை கலக்கவும் வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை என்பது தெளிவு. அவர்களால் ஊருக்கு லாபம் என்றால் அது அளவெடுப்பு, வடிவமைப்பு, தரப் பரிசோதனை மாதிரியான வேலைகளில்தான் இருக்க முடியும்.

மூன்றாவது, காலம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. இடுக்கியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் அவையே. பெட்டிமுடி சரிந்தது ஆகஸ்டில். சின்னக்கானல் பக்கத்துக் கேப் ரோடு 2020-ல் சரிந்தது ஜூனில். மலையில் மண் வெட்டவும் அஸ்திவாரம் போடவும் ஏற்ற காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மாணவரின் காலண்டரும் மலையின் காலண்டரும் ஒத்துப்போகவில்லை என்றால் மலையின் காலண்டர்தான் ஜெயிக்க வேண்டும்.

சின்னக்கானல் சொல்லும் பாடம் என்ன?

மூணாறு-போடிமெட்டு சாலையை அகலப்படுத்தும் வேலை 2017-ல் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலை 85-ல் சுமார் 42 கி.மீ. நீளம். வேலை நடக்கும்போதே கேப் ரோடு பகுதியில் 2019, 2020 ஆண்டுகளில் பலமுறை மண்சரிவு. கீழே இருந்த விவசாய நிலங்கள் பாறைகளுக்கு அடியில் போயின. வெடி வைத்துப் பாறை உடைத்த விதம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. இவ்வளவுக்கும் இது அனுபவம் இல்லாதவர்கள் செய்த வேலை அல்ல. முழுநேரப் பொறியாளர்கள் இருந்தும் மலை இப்படி என்றால், எட்டு வாரத்துக்கு வரும் மாணவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இன்னொரு உதாரணம் 301 காலனி. 2000-களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். இடமோ ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை ஒட்டி யானைகள் நடமாடும் பாதை. யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் வெளியேறின. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் யானையைப் பிடித்து இடம் மாற்றும் அளவுக்கு விவகாரம் பெரிதானது. இந்த ஊரில் வீட்டின் சுவரில் இருந்த குறையைவிட, வீடு வைத்த இடத்தில் இருந்த குறைதான் பெரியது. அதை வரைபடம் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, உள்ளூர் ஆளைக் கேட்க வேண்டும்.

இடுக்கியின் மிகப் பெரிய கட்டுமானமே அதற்கு எதிர்மறைச் சாட்சி. 1976-ல் இயங்கத் தொடங்கிய இடுக்கி அணைக்குக் கனடா நிதியும் தொழில்நுட்ப உதவியும் தந்தது. ஆனால் குறவன்-குறத்தி மலைகளுக்கு நடுவே ஆறு பாயும் அந்த இடத்தை, பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு எஸ்டேட் அதிகாரிக்குக் காட்டிக் கொடுத்தவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

சேர நினைக்கும் மாணவர் என்ன கேட்க வேண்டும்?

வரைபடத்தில் யார் கையெழுத்து? உரிமம் பெற்ற பொறியாளர் பொறுப்பேற்காத திட்டத்தில் சேராதீர்கள். உங்கள் ஊரில் மாணவர் கட்ட அனுமதி இல்லாத ஒன்றை, ஏழை நாட்டில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அதுவே எச்சரிக்கை மணி.

எத்தனை வருட உறவு? 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமெரிக்கப் பிரிவு ஒரு ஊரோடு குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்பில் இருக்க வேண்டும் என்றும், செலவில் ஒரு சிறு பங்கை ஊரே போட வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. ஒரே விடுமுறையில் முடிந்துபோகும் திட்டம் என்றால் யோசியுங்கள்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? சின்னக்கானலில் மாட்டும் பம்புக்கு வாஷர் போடியிலோ அடிமாலியிலோ உள்ள கடையில் கிடைக்க வேண்டும். கிடைக்காது என்றால் அதை மாட்டக் கூடாது.

நிலமும் அனுமதியும் யாருடையது? சின்னக்கானல் உட்பட மூணாறைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். நல்ல எண்ணத்தில் கட்டியது என்பதற்காக விதி விலகி நிற்காது.

ஊர்க்காரர்களும் கேட்கலாமே?

கேட்கலாம், கேட்கணும். குழு வந்ததும் மாலை போடுவதற்கு முன்னால் பஞ்சாயத்து மூன்று விஷயங்களை எழுதி வாங்கலாம்: பழுதானால் யார் வருவார்கள், வரைபடத்தின் நகல் யாரிடம் இருக்கும், உள்ளூர் இளைஞர் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைக்கும். மூன்றாவது கேள்விதான் நீண்ட நாள் பலன் தருவது. எஸ்டேட் லயத்தில் வளர்ந்து டிப்ளமோ முடித்த பிள்ளை ஒருவர் அந்தக் குழுவோடு சேர்ந்து லெவல் எடுக்கக் கற்றுக்கொண்டால், அடுத்த மழைக்குக் குழாய் உடையும்போது கூப்பிட்ட குரலுக்கு வர ஊரிலேயே ஒரு ஆள் இருப்பார்.