கைகளின் முறையீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரே அசைவை இடைவிடாது செய்யும் கரங்களுக்கு நேரும் துன்பம் கணினி யுகத்தின் நூதன வியாதி என்று பலர் கருதினும், ஓயாது எழுதும் குமாஸ்தாக்களின் கைத்தளர்ச்சியை இத்தாலிய வைத்தியர் ராமாஸினி 1713-இலேயே விவரித்திருக்கிறார். தந்தி ஊழியர்களின் கைப்பிடிப்பை நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோயாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1908-இல் அங்கீகரித்தது.

திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் பெண்களும், தையற்காரர்களும், தட்டச்சு செய்வோரும் இத்தகைய கைத்துன்பத்தின் அறிகுறிகளை அறிந்திருத்தல் அவசியம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்பு, நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்துக் கையை உதறினால் சற்றே தணியும் குடைச்சல், பிடித்த பாத்திரம் காரணமின்றி நழுவுதல், எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத்தில் ஓய்வு நாளில் மறைந்து வேலை தொடங்கியதும் மீண்டும் தலைகாட்டும் வலி, இவற்றை வாயுப் பிடிப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலங்கடத்துவோர் எத்தனை பேர்! மணிக்கட்டில் நரம்பு நெடுங்காலம் அழுந்திக் கட்டைவிரலின் அடித்தசை வற்றிவிட்டால், பின்னர் சிகிச்சை செய்தும் பூரண பலம் திரும்புதல் அரிது.

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவளுக்கு ஓய்வென்பதே நஷ்டமாதலால், அவளுக்கு உபதேசம் மட்டும் போதாது. பீடித் தொழிலாளருக்கான மருத்துவமனைகளில் கைப் பரிசோதனையை ஆண்டுதோறும் நடத்துமாறு தங்கள் பத்திரிகை வற்புறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்