எடுத்த வேளை

ஒவ்வொரு வருஷமும் பங்குனி, சித்திரை வந்தால் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். தோற்றுக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு கால்பந்துக் கழகம் தன் மானேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்பதுதான் அது. என் வீட்டுக்காரருக்கு அந்த ஊர் ஆட்டங்களில் அபாரப் பைத்தியம். ராத்திரிச் சாப்பாடு கூட டெலிவிஷனுக்கு எதிரேதான். எனக்கோ, பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே இடைவேளைக்குப் பிறகு குழம்பிவிடும். ஆனாலும் ஒரே ஒரு நாள் கால்பந்து எங்கள் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

அது 2022-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி. நமக்கு வருஷப் பிறப்புக்கு மறுநாள். அவர்களுக்குப் பெரிய வெள்ளிக்கிழமை.

"பர்ன்லியில் ஷான் டைச்சின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்!" என்று இவர் கூடத்திலிருந்து கூவினார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். "யாருடா அவன்? பந்து உதைக்கிறவனா?"

"இல்லை அம்மா. உதைக்கச் சொல்லிக் கொடுக்கிறவர். மானேஜர்."

"நன்றாயிருக்கிறது! பதினோரு பேர் உதைத்துத் தோற்றால், பந்தையே தொடாதவனுக்கா வேலை போகும்?"

நேயர்களே, எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இவரைப் பிடித்து உட்கார வைத்து, முழு விவரத்தையும் கேட்டு வாங்கினேன்.

பர்ன்லி என்பது லங்காஷயர் ஜில்லாவில் ஒரு நெசவு ஊர். சுதேசி நாட்களில் நம் பாட்டிமார் வேண்டாமென்று ஒதுக்கிய சீமைத் துணியில் பெரும் பங்கு அந்த ஜில்லாத் தறிகளில் நெய்ததுதான். இன்று அந்தத் தறிகளின் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஜனத்தொகை ஒரு லட்சம் கூட இல்லை. ஊருக்கு மிஞ்சியிருக்கும் பெருமை, 1882-ல் ஆரம்பித்த கால்பந்துக் கழகம். 1888-ல் லீக் போட்டியைத் தொடங்கிய பன்னிரண்டு கழகங்களில் அதுவும் ஒன்று. 1921-லும் 1960-லும் தேசத்திலேயே முதல் ஸ்தானம் பெற்றது. பிறகு இறங்குமுகம்.

அந்தக் கழகத்துக்கு 2012 அக்டோபரில் மானேஜராக வந்தவர் டைச். கரகரத்த குரல், சிக்கனமான ஆள். கையில் பெரிய பணம் இல்லாமலே 2014-ல் கழகத்தை முதல் வகுப்பான பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். மறு வருஷமே கீழே இறங்கிவிட்டது. அப்போது அவரை யாரும் அனுப்பவில்லை! பொறுத்தார்கள். 2016-ல் இரண்டாம் வகுப்பில் முதலாவதாக வந்து மறுபடியும் மேலே ஏறினார். 2018-ல் ஏழாவது ஸ்தானம். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்தச் சிற்றூர் ஐரோப்பியப் போட்டியில் ஆடியது. அந்த சந்தோஷத்தில் ஊரிலிருந்த ஒரு மதுவிடுதி, 'பிரின்ஸஸ் ராயல்' என்ற தன் பெயரை 'ராயல் டைச்' என்று மாற்றிக்கொண்டது. ராஜகுமாரியின் இடத்தில் மானேஜர்!

இப்படிப்பட்டவருக்கு 2021-22 சீஸன் சரிப்படவில்லை. 30 ஆட்டங்களில் நாலே வெற்றி. 20 கழகங்களில் 18-வது ஸ்தானம். கடைசி மூன்று கழகங்கள் கீழ் வகுப்புக்கு இறங்க வேண்டும் என்பது விதி. இறங்கினால் ஆட்டங்களைக் காட்டும் டெலிவிஷன் கம்பெனிகள் தரும் பணம் கோடிக் கணக்கில் குறைந்துவிடும். கடைசி ஸ்தானத்திலிருந்த நார்விச்சிடமும் தோற்ற ஐந்தாம் நாள், டைச்சுக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் விடை கொடுத்துவிட்டார்கள். மீதி இருந்தவை எட்டே ஆட்டங்கள்.

"சரி, ஆட்டக்காரர்களை மாற்றக் கூடாதோ?" என்றேன்.

முடியாதாம். வருஷத்தில் இரண்டே தடவைதான் ஆட்டக்காரர்களை வாங்கலாம், விற்கலாம்: கோடையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. ஜனவரி கழிந்தால் கதவு மூடிவிடும். அதன் பிறகு ஏப்ரலில் மாற்றக்கூடியது ஒரே ஒரு நாற்காலிதான், அது மானேஜருடையது. மாமியாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தவறு யாருடையது என்று பார்த்து வேலை போவதில்லை; மாற்ற முடிந்தது எது என்று பார்த்துப் போகிறது!

அந்த ஜனவரியில் நடந்ததையும் கேளுங்கள். கோல் போடும் கிறிஸ் வுட்டை, நியூகாஸில் கழகம் இரண்டரைக் கோடி பவுன் கொடுத்துக் கொண்டுபோய்விட்டது. பதிலுக்கு வாங்கியவர் அந்த சீஸன் முழுவதும் லீக் ஆட்டங்களில் பர்ன்லிக்காகப் போட்டது இரண்டே கோல். இன்னொரு வேடிக்கை: 2021 செப்டம்பரில்தான் புது முதலாளிகள் டைச்சுடன் நாலு வருஷ ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். எழுதி ஏழே மாதம்.

மாமியார் கீரையைத் தட்டில் தள்ளிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் மாமனாரையும் இப்படித்தான் அனுப்பினார்கள்" என்றார்.

என் மாமனார் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அத்தை அதைப் பற்றிப் பேசிக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

"அவரை எடுத்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. கண் மங்கிவிட்டது, வேலையில் சறுக்கல் வந்தது வாஸ்தவம். எடுத்த வேளைதான் தப்பு. ஆறு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் அடுத்த ஆளுக்குத் தொழிலைக் காட்டிக் கொடுத்துவிட்டு, மாலை மரியாதையோடு வந்திருப்பார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சமையற்காரனை மாற்றுகிறவர்கள் உண்டோ?"

பர்ன்லியிலும் அடுத்த ஆள் தயாராக இல்லை. கழகத்தின் இளைஞர் கோஷ்டியைக் கவனித்து வந்த மைக் ஜாக்ஸன் என்பவரைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். ஆச்சரியம், முதல் நாலு ஆட்டங்களில் மூன்று வெற்றி, ஒன்று சமம்! "பார்த்தாயா, முதலாளிகள் செய்தது சரிதான்" என்றார் இவர். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாலு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. மே 22-ந் தேதி கடைசி ஆட்டம். எதிரே வந்தது, கிறிஸ் வுட்டைக் கொண்டுபோன அதே நியூகாஸில். 2-1 என்று பர்ன்லி தோற்றது. அதே நேரம் லீட்ஸ் வேறிடத்தில் ஜெயித்து, மூன்று பாயிண்ட் வித்தியாசத்தில் தப்பித்துக்கொண்டது. பர்ன்லி கீழே இறங்கியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டைச்சின் 30 ஆட்டங்களில் 24 பாயிண்ட். ஜாக்ஸனின் எட்டு ஆட்டங்களில் 11. ஆகையால் மாற்றியதே குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாற்றுவதுதான் நோக்கமென்றால், கதவு திறந்திருந்த ஜனவரியிலேயே மாற்றி, புதியவர் கேட்ட ஆட்களை வாங்கித் தந்திருக்கலாம். வைத்துக்கொள்வதுதான் நோக்கமென்றால், 2015-ல் பொறுத்த மாதிரி கடைசி வரை பொறுத்திருக்கலாம். இரண்டையும் பாதிப் பாதி செய்ததில் புதியவருக்கு நேரமும் இல்லை. பழையவருக்கு மரியாதையும் இல்லை.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். டைச் 2023 ஜனவரியில் எவர்ட்டன் கழகத்துக்குப் போய், இறங்கும் நிலையிலிருந்த அதைக் கடைசி நாளன்று காப்பாற்றினார். பர்ன்லி, வின்ஸென்ட் கொம்பனி என்ற புது மானேஜரின் கீழ் அதே வருஷம் 101 பாயிண்ட் எடுத்து மேலே ஏறியது. 2024-ல் மறுபடி இறங்கியது. அந்தத் தடவை கடைசி வரை மானேஜரை மாற்றவில்லை. இருந்தும் இறங்கத்தான் இறங்கியது! மாற்றினாலும் நிச்சயம் இல்லை, மாற்றாவிட்டாலும் நிச்சயம் இல்லை. பலன் நம் கையில் இல்லாதபோது, செய்கிற விதம் ஒன்றாவது நம் கையில் இருக்கிறதல்லவா?

நம் வீடுகளிலும் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்த அம்மாளுக்கு ஒரு நாள் கை நடுங்க ஆரம்பிக்கும். நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றும். நிறுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு முதல் வாரம் சொல்லாதீர்கள். நாலு மாதம் முன்னாலேயே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

எவர்ட்டன் தப்பிய செய்தியை மறுநாள் காலையில் அத்தையிடம் சொன்னேன். "பேஷ்! அந்த மனுஷனுக்கு வேறு வேலை கிடைத்ததே, அது போதும்" என்றார். பிறகு மெதுவாக, "உன் மாமனாருக்குத்தான் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.